வாடகை எழுதாத அட்டைகள்: புதுவடிவ ஆட்டப்பெட்டி வாங்குவோர் கவனத்துக்கு

பழைய குடும்ப ஆட்டங்களைப் புது வடிவில் விற்கிறார்களே, அந்தப் பெட்டிகளில் ஒன்றை வாங்கும் எண்ணம் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். நான் வாங்கி ஏமாந்தேன். போன பணத்தைவிட, என் அப்பாவின் ஞாயிற்றுக்கிழமை மாலைகள் வீணானதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்கள் வீட்டு மோனோபொலி பெட்டி நான் பள்ளியில் படித்த காலத்தது. போன வருடம் பலகை நடுமடிப்பில் இரண்டாகப் பிரிந்துவிட்டது. மாற்று தேடியபோதுதான் இது கண்ணில் பட்டது. மோனோபொலி நிறுவனத்துடையது அல்ல. இடம் வாங்கி, வீடு கட்டி, வாடகை வசூலிக்கும் அதே வகை ஆட்டத்தை வேறொருவர் மாற்றியமைத்தது. காகிதப் பணம் கிடையாது, ஆளுக்கு ஒரு வங்கி அட்டை. கணக்கை ஒரு சிறு கருவி பார்த்துக்கொள்ளும். பகடையைக் கைப்பேசிச் செயலி உருட்டும். சாதாரணப் பெட்டியைப் போல மூன்று மடங்கு விலை. எண்ணும் தொல்லை இல்லை, ஒரு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும் என்று மேலட்டையில் போட்டிருந்தது. நம்பினேன்.

முதல் நாளே ஒன்று உறுத்தியது. எங்கள் வீட்டில் அப்பாதான் எப்போதும் வங்கி. நோட்டுகளை நிறவாரியாகப் பிரித்து, பலகையின் ஓரத்துக்கு அடியில் நுனி மட்டும் தெரியும்படி செருகி வைப்பார். என் மகள் சில்லறை கேட்டால், “நீயே கணக்குப் போட்டுச் சொல், தருகிறேன்” என்பார். மீதி வாங்கக் கற்றுக்கொண்டதே அவள் அந்த ஓரத்தில்தான். புதுப் பெட்டி வந்த அன்று அப்பா கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அட்டையைக் கருவியில் வைத்தால் ‘பீப்’ என்றது. யாரிடமிருந்து எவ்வளவு போனது, யாருக்கு வந்தது, ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்த ஆட்டத்தின் உயிரே அந்தக் கண்ணுக்குத் தெரிதல்தான். 1904-இல் அமெரிக்காவில் லிஸ்ஸி மேகி என்ற பெண்மணி இதன் மூல வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். நிலம் வைத்திருப்பவர்களிடம் வாடகை வழியாகப் பணம் எப்படிக் குவிகிறது என்று விளையாடுபவர்களுக்குப் புரியவைப்பதே அவருடைய நோக்கம். மோனோபொலி என்ற பெயரில் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் வெளியிட்டது 1935-இல். ஒருவர் முன்னால் கட்டு உயர, இன்னொருவர் முன்னால் இரண்டு நோட்டுகள் மிஞ்சும்போது, எட்டு வயதுக் குழந்தைக்குக்கூட யாரும் விளக்க வேண்டியதில்லை. கருவியின் சின்னத் திரையில் ஓடும் எண்ணில் அது எங்கே வரும்?

விதிகளிலும் கை வைத்திருந்தார்கள். பழைய பெட்டியில் 32 வீடுகளும் 12 ஓட்டல்களும்தான் உண்டு. வீடுகள் தீர்ந்துவிட்டால் யாரும் கட்ட முடியாது. அதனாலேயே ஓட்டலுக்கு மாறாமல் நான்கு வீடுகளோடு நிறுத்தி, மற்றவர்களைக் கட்டவிடாமல் மடக்குவது தேர்ந்த ஆட்டக்காரர்களின் உத்தி. என் அக்கா அதில் கெட்டிக்காரி. இதிலோ வீடுகளும் செயலிக்குள்ளேதான், எத்தனை வேண்டுமானாலும் கட்டலாம். ஒருவர் வாங்காமல் விட்ட இடத்தை ஏலம் விடும் விதியையும் எடுத்துவிட்டார்கள். ஆட்டம் சீக்கிரம் முடிந்தது உண்மை. ஆனால் யோசிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

பகடை விஷயம் இன்னும் மோசம். இரண்டு பகடைகளில் 36 சேர்க்கைகள் உண்டு. அவற்றில் ஆறு சேர்க்கைகளில் கூட்டுத்தொகை 7 வரும். அப்பா இதை மனதில் வைத்துத்தான் எந்தத் தெருவில் வீடு கட்டலாம் என்று முடிவெடுப்பார். மூன்றாவது வாரம், “இந்தப் பகடை யாரையோ பார்த்து விழுகிறது” என்றார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு செயலியின் அமைப்புகளில் தேடினால், பின்தங்கியவருக்குச் சாதகமாக எண்களைத் திருத்தும் வசதி ஒன்று ஆரம்பத்திலிருந்தே இயங்கிக்கொண்டிருந்தது. குறிப்பேட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “அப்படியானால் நாம் என்னத்துக்கு உட்கார்ந்து ஆடுகிறோம்?” என்று மட்டும் கேட்டார்.

அந்த வசதியை நிறுத்திவிட்டு மேலும் சில மாதங்கள் ஆடினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகையை விரித்துக் காய்களை அடுக்கிவிட்டுச் செயலியைத் திறந்தால், இந்தப் பதிப்புக்கான சேவை முடிந்துவிட்டது என்று திரையில் வந்தது. புதிய பதிப்புக்குப் புதிய பெட்டி வாங்க வேண்டுமாம். செயலி இல்லாமல் கருவி திறக்காது. சரி, பழைய பெட்டியிலிருந்து பகடையையும் நோட்டுகளையும் எடுத்து ஆடிவிடலாம் என்று இட அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் படம், மறுபக்கம் கட்டம் கட்டமான குறியீடு. வாடகை எவ்வளவு, வீடு கட்ட எவ்வளவு, அடகு வைத்தால் எவ்வளவு, எதுவும் அச்சிடப்படவில்லை. அத்தனையும் செயலிக்குள் இருந்திருக்கிறது. மகள் அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, “இதில் ஒன்றுமே எழுதவில்லையே அம்மா” என்றாள்.

விற்ற கடையில், பிரித்த பெட்டியைத் திரும்பப் பெற மாட்டோம் என்றார்கள். தயாரிப்பாளரின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மூன்று முறை எழுதினேன். பலகையிலும் காய்களிலும் குறை இல்லை, செயலி என்பது தனிச் சேவை, அது அறிவிப்பின்றி நிறுத்தப்படலாம் என்று பெட்டியிலேயே இருக்கிறது என்று பதில் வந்தது. அப்பாவின் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துத் தேடினேன். பெட்டியின் அடிப்பக்கம், பட்டைக்கோட்டுக்குக் கீழே, சாம்பல் நிறத் தாளில் சாம்பல் நிற எழுத்தில் அந்த வரி இருக்கத்தான் செய்தது. மேலட்டையில் ‘தலைமுறைகள் விளையாடும் ஆட்டம்’ என்று விரல் உயரத்துக்குப் போடத் தெரிந்தவர்களுக்கு இதைப் படிக்கும் அளவில் போடத் தெரியாதா? எனக்கு இது ஏமாற்றுவேலை என்றுதான் படுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பதிவு செய்யும்போது விளையாடும் ஒவ்வொருவரின் பெயரையும் பிறந்த தேதியையும் செயலி கேட்டது, குழந்தைகளுடையதையும் சேர்த்து. அவசரத்தில் கொடுத்துவிட்டேன். இப்போது அழிக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். நீங்கள் கொடுக்காதீர்கள். பகடை உருட்ட யாருக்கும் பிறந்த தேதி தேவையில்லை.

புதுமையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்காகக் காய்களில் வடிவங்கள் பொறித்த பெட்டிகள் இருக்கின்றன. எழுத்துக் காய்கள் நழுவாமல் குழித்த பலகைகள் இருக்கின்றன. பேட்டரி மாற்றினால் போதும், கைப்பேசியே தேவைப்படாத கருவிகளும் இருக்கின்றன. அவை நாளைக்கும் வேலை செய்யும். உள்ளே என்னென்ன இருக்கின்றன என்ற பட்டியலில் பகடை இருக்கிறதா, விதிகள் தாளில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். செயலி ‘தேவை’ என்று இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள்: அது நின்றுபோனால் எப்படி விளையாடுவது என்று வாங்குவதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பெட்டி வேண்டாம். பெட்டியின் பின்பக்கப் படத்தில் பெரும்பாலும் அட்டைகளைக் காட்டியிருப்பார்கள். அதில் எண்கள் தெரிகின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் பழைய பலகையின் நடுமடிப்பில் துணிநாடா ஒட்டியிருக்கிறோம். ஒட்டும் வேலை அப்பாவுடையது. மகள் நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். சற்றே மேடாக இருக்கிறது, அந்தப் பக்கம் வைக்கும் வீடுகள் கொஞ்சம் சாய்கின்றன. நோட்டுகள் மறுபடியும் அப்பாவின் பக்கத்து ஓரத்துக்கு அடியில் இருக்கின்றன.