'600 பாகை தாங்கும்' என்ற ஒட்டுத்தாளை நம்பி 11,400 ரூபாயைத் தொலைத்தேன்

நகக்கண்ணில் வெள்ளிப் பூச்சு இன்னும் போகவில்லை. கோபம் ஆறினால் எழுதமாட்டேன் என்று தெரியும், அதனால் இன்றே எழுதுகிறேன். கிளிநொச்சிப் பக்கத்தில் ஒரு பெயின்ற் கடையில் என் 11,400 ரூபாய் போய்விட்டது. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊர் சிறியது. அந்த மனிதரும் நானும் நாளைக்கு ஒரே சாவீட்டில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருக்க நேரலாம்.

வண்டி ஹோண்டா எம்.டி. 90 மோட்டார் சைக்கிள். ஜப்பானில் தபாற்காரர் ஓடிய சிவப்பு வண்டி, வன்னிக்காரருக்கு விளக்கம் தேவையில்லை. எங்கள் வீட்டில் முன்பு நின்றது 2009இல் முள்ளிவாய்க்காலோடு போயிற்று. இது மீள்குடியேறிய பிறகு அப்பா அலைந்து தேடி வாங்கியது. ஓட்டத்தில் ஒரு குறையும் இல்லை. எஞ்சின் மூடியின் பூச்சுத்தான் உரிந்து அலுமினியம் வெள்ளை பூத்துக் கிடந்தது, சைலன்சர் முழுவதும் துரு. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு போவதற்குள் அழகாக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

கடைக்காரர் குடித்துக்கொண்டிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "இருங்கள் தம்பி" என்று கதிரையை இழுத்துப் போட்டார். எந்த ஊர், யாருடைய மகன் என்று விசாரித்தார். ஒரு ஸ்பிறே டின்னை என் காதருகே கொண்டுவந்து குலுக்கி, "உள்ளே உருண்டை ஓடுவது கேட்கிறதா? நல்ல சாமான்" என்றார். டின்னில் '600' என்று சிவப்பு எண்ணில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "அறுநூறு பாகைச் சூடு தாங்கும். சைலன்சருக்கே தாங்கினால் எஞ்சினுக்குத் தாங்காதா?" என்று கேட்டார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அடியில் பூசப் பிறைமர் வேண்டாமா என்று கேட்டேன். "வீண் செலவு தம்பி, இதற்குத் தேவையில்லை."

அந்த இடத்தில்தான் விழுந்தேன். விற்கிறவரே செலவைக் குறைக்கச் சொன்னால் யார் சந்தேகப்படுவார்? வெள்ளி நிறத்தில் மூன்று டின், ஒன்று 2,600 ரூபாய். கறுப்பில் இரண்டு, ஒன்று 1,800. மொத்தம் 11,400. தங்கையின் வகுப்புக் கட்டணத்துக்கு ஒதுக்கி வைத்திருந்த காசையும் சேர்த்துத்தான் கொடுத்தேன்.

இரண்டு நாள் வேலை. மண்ணெண்ணெயில் கழுவி, கம்பிப் பிரஷ் போட்டு, பத்திரிகைத் தாள் ஒட்டி மறைத்து அடித்தேன். அடித்து முடித்த மாலை அப்பா இரண்டு தடவை வண்டியைச் சுற்றி நடந்தார். மூன்றாம் நாள் தருமபுரத்திலிருந்து புறப்பட்டேன். பரந்தன் சந்திக்கு வருவதற்குள் பிளாஸ்ரிக் எரிகிற மணம். இறங்கிப் பார்த்தால் எஞ்சின் சூட்டை வெளியேற்றும் சிலிண்டர்ச் செதில்களில் வெள்ளி மஞ்சளாகிக் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது, எண்ணெய்ச் சட்டியில் போட்ட அப்பளம் போல. சைலன்சரில் கறுப்பு சுருண்டு உதிர்ந்துகொண்டிருந்தது. காபரேற்றரில் ஒழுகிய கொஞ்சப் பெற்றோல் போன வழியெல்லாம் வெள்ளி பாலாகக் கரைந்து காலணியில் சொட்டியது.

வீட்டுக்கு வந்து, பெற்றோலில் நனைந்த துணியால் டின்னைத் துடைத்தபோது '600' தாள் அப்படியே நழுவியது. அதன் அடியில், டின்னிலேயே அச்சடித்த சிறிய ஆங்கில எழுத்துகள்: 80 பாகைக்கு மேல் சூடாகும் இடங்களில் பாவிக்கக் கூடாது.

உடனே கடைக்குப் போனேன். "நீங்கள் சரியாகக் கழுவியிருக்கமாட்டீர்கள்" என்றார். இரண்டாம் முறை அவர் இல்லை. கடைப் பெடியன், "முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார், திங்கட்கிழமை வாருங்கள்" என்றான். உள்ளே இருமல் கேட்டது, அது முதலாளியின் இருமல். திங்கட்கிழமை போனால் பற்றுச்சீட்டைக் கேட்டார்கள். கொடுத்தேன். 'பெயின்ற் 5' என்று மட்டும் அதில் எழுதியிருந்தது. "இது எங்கள் டின்தான் என்பதற்கு என்ன சாட்சி?" தேநீரும் இல்லை, கதிரையும் இல்லை, யாருடைய மகன் என்பதும் மறந்துபோயிற்று.

விசுவமடுவில் கராஜ் வைத்திருக்கும் அண்ணை ஒருவர் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் சொன்னது இது: காற்றில் குளிரும் எஞ்சினின் தலைப்பகுதி வெயிலில் 150 பாகையைச் சாதாரணமாகக் கடக்கும், சைலன்சரின் வாய்ப்பகுதி அதைவிட மிக அதிகமாகச் சூடாகும். எஞ்சினுக்கென்று வரும் எனாமல் ஏறக்குறைய 260 பாகை வரை தாங்கும். சைலன்சருக்கு 600, 650 தாங்கும் பூச்சு உண்மையிலேயே உண்டு, ஆனால் அது சூடுபட்டால்தான் இறுகும். பூசிக் காயவிட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டு ஆறவைத்து, பிறகு இன்னும் கொஞ்சம் கூட்டி என்று படிப்படியாகச் சுடவைக்க வேண்டும். அதுவரை பெற்றோல் பட்டால் அதுவும் கழன்றுவிடும். அலுமினியத்துக்கு அதைக் கவ்விப் பிடிக்கும் தனிப் பிறைமர் இருக்கிறதாம். மண்ணெண்ணெயில் கழுவி அப்படியே விட்டது என் பிழை. அது எண்ணெய்ப் படலத்தை விட்டுவிடும், பிறகு தின்னரால் துடைத்திருக்க வேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எவ்வளவு கழுவினாலும் 80 பாகைப் பெயின்ற் 600 பாகையாக மாறாது அல்லவா?

ஒன்றைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும்: ஸ்ராண்டிலும் கால் மிதியிலும் அடித்த கறுப்பு இன்னும் நன்றாகவே இருக்கிறது. அவை சூடாகாத இடங்கள். அதற்காக 11,400 ரூபாயில் ஒரு சதமும் கழிக்கமாட்டேன்.

பெயின்ற் தெரிவு செய்வது பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. டின்னில் ஒட்டிய தாள் இருந்தால் காசு கொடுக்கும் முன் நகத்தால் கிளப்பிப் பாருங்கள். எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் ஒரே டின்னைத் தந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு தகரத் துண்டில் அடித்து நன்றாகக் காயவிட்டு, சூடுபட்டு இறுகும் பூச்சென்றால் சுடவைத்து ஆறவிட்ட பிறகு, பெற்றோல் சொட்டுப் போட்டுப் பாருங்கள். செதில்களில் தடிப்பாக அடிக்காதீர்கள், சூடு சரியாக வெளியேறாது. பற்றுச்சீட்டில் பொருளின் முழுப்பெயரையும் எழுதச் சொல்லுங்கள். முறைப்பாடு செய்ய, நுகர்வோர் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

பொங்கலுக்கு அம்மாவும் நானும் பஸ்ஸில்தான் போனோம். நாளை காலை நான்காவது முறையாகக் கடைக்குப் போகிறேன். டின்னையும் அந்தத் தாளையும் பொலித்தீன் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.