பூர்வீகமா, சொந்த ஊரா?

கல்யாணப் பத்திரிகையில் எதைப் போடுவது என்று பாம்பன், மண்டபம் பக்கம் பலருக்கும் குழப்பம்.

பொருள்
பூர்வீகம்: முன்னோர் வாழ்ந்த இடம். நாம் அங்கே ஒருநாள்கூட இருந்திருக்க வேண்டியதில்லை.
சொந்த ஊர்: வீடும் உறவும் இருக்கிற, திருவிழாவுக்கு ஓடிப்போகிற இடம்.

மாறுமா?
சொந்த ஊர் ஒரே தலைமுறையில் மாறிவிடும். பூர்வீகம் அப்படி மாறாது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அங்கிருந்து தப்பி வந்தவரின் பேரனுக்குச் சொந்த ஊர் ராமேசுவரம், பூர்வீகம் தனுஷ்கோடி. தாத்தா இருந்த வீடு இன்று இல்லை. கூரை போன தேவாலயத்தின் பவளக்கல் சுவர் போன்ற சில இடிபாடுகள்தான் மிச்சம். அதனாலேயே அந்தக் குடும்பங்கள் இந்தச் சொல்லை விட்டுவிடக் கூடாது என்பேன்.

புழக்கம்
பூர்வீகச் சொத்து, பூர்வீக வீடு என்று எழுத்தில் நன்றாக ஒட்டும். பேச்சில் "உங்களுக்குச் சொந்த ஊர் எதுங்க?" என்பதுதான் இயல்பு.

சரி, எதை எப்போது? பத்திரிகைக்கும் அறிமுகத்துக்கும் சொந்த ஊர் போதும். குடும்ப வரலாறு, குலதெய்வம், சொத்து விவரம் என்றால் பூர்வீகம். சென்னையிலேயே பிறந்து வளர்ந்த கீழக்கரைக் குடும்பத்துப் பிள்ளைகள் 'பூர்வீகம் கீழக்கரை' என்று எழுதுவதே பொருத்தம்.