பி.டி.என்.எஃப். அளக்க எந்தக் கிட்?

நரம்புச் செல்களின் வளர்ச்சிக்குத் தேவையான பி.டி.என்.எஃப். புரதத்தை அளக்க எலைசா கிட் (எதிர்ப்பொருளால் புரதத்தைப் பிடித்து அளக்கும் சோதனைப் பெட்டி) தேடுபவர்கள் முதலில் பார்ப்பது, எத்தனை பிகோகிராம் வரை அது கண்டுபிடிக்கும் என்ற எண்ணைத்தான். அதைவிட முக்கியம், கிட்டில் உள்ள எதிர்ப்பொருள் புரதத்தின் எந்த வடிவத்தைப் பிடிக்கிறது என்பது.

இந்தப் புரதம் முன்னோடி வடிவில் பிறந்து, வெட்டுப்பட்டு முதிர்ந்த வடிவமாகிறது. முதிர்ந்தது டி.ஆர்.கே.பி. ஏற்பியில் ஒட்டி நரம்புச் செல்லை வாழவைக்கிறது. முன்னோடியோ பி75 ஏற்பியோடு சேர்ந்து அதே செல்லைச் சாகடிக்கக்கூடியது. மொத்த அளவு காட்டும் கிட்டுகள் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகின்றன. வாழ்வையும் சாவையும் ஒரே கூட்டுத்தொகையில் எழுதித் தந்தால் அதை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? மூளைத் திசுவில் வேலை செய்பவர்கள் முதிர்ந்ததற்கு ஒன்று, முன்னோடிக்கு ஒன்று என இரண்டு கிட்டுகள் வாங்குவதே சரி. செலவு கூடும், விகிதம் கிடைக்கும்.

எதிர்ப்பொருள் பூசிய நுண்மணிகளைக் கொண்டு பல புரதங்களைச் சோதனைத் தட்டின் ஒரே குழியில் அளக்கும் மல்டிபிளெக்ஸ் கிட்டுகள் மாதிரியை மிச்சப்படுத்துகின்றன. ஆனால் மனித சீரத்தில் (உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் திரவத்தில்) பி.டி.என்.எஃப். நானோகிராம் கணக்கில் இருக்கிறது, என்.ஜி.எஃப். என்ற இன்னொரு நரம்பு வளர்ச்சிப் புரதமோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான பிகோகிராம் கணக்கில். மாதிரியை ஒரே அளவில் நீர்த்தால் இரண்டுக்கும் பொருந்தாது. ஒற்றை மூலக்கூறு வரை எண்ணும் டிஜிட்டல் முறை, இந்தப் புரதம் மிகக் குறைவாக இருக்கும் மூளைத் தண்டுவடத் திரவத்துக்கு உரியது. எப்படியும் நீர்க்கவேண்டிய சீரத்துக்கு அந்த விலையுயர்ந்த கருவி வீண்.

சீரமா பிளாஸ்மாவா (இரத்தத்தை உறையவிடாமல் பிரித்த திரவமா) என்பதும் கிட் தேர்வோடு சேர்ந்ததுதான். இரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தம்மிடமுள்ள பி.டி.என்.எஃப்.பைக் கொட்டுவதால் சீரத்தில் அளவு பல மடங்கு உயரும். முதிர்ந்த வடிவம் மனிதனுக்கும் எலிக்கும் சுண்டெலிக்கும் ஒன்றே என்பதால் ஒரே கிட் மூன்றுக்கும் போதும். சுண்டெலியின் தட்டணுக்களில் மட்டும் இந்தப் புரதம் ஏறக்குறைய இல்லை. அதன் சீரத்தில் ஒரு கிட் தாராளமாக அளவு காட்டினால், அந்தக் கிட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

2015இல் ஆறு வணிகக் கிட்டுகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், ஒரே மாதிரியைத் தனித்தனிச் சோதனைகளில் அளந்தபோது வந்த வேறுபாடு சிலவற்றில் 5 சதவீதமாகவும் சிலவற்றில் 20 சதவீதமாகவும் இருந்தது. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஒப்பிடுபவர்களுக்கு 20 சதவீதம் உதவாது. மனித சீரத்துக்கு, முதிர்ந்த வடிவத்தை மட்டும் பிடிக்கும் சாதாரண எலைசாவே என் தேர்வு. முதலில் ஒரே ஒரு தட்டு வாங்குங்கள். தெரிந்த அளவு புரதத்தை உங்கள் மாதிரியில் கலந்து, 80 முதல் 120 சதவீதம் திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.