கவனா குடும்பமும் ஐந்து ஆண்டுச் சந்தாவும்

டப்ளினில் எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் தோழி போன வாரம் கேட்டாள்: "அக்கா, நீங்கள் பார்க்கிற அந்த வம்சாவளித் தளத்துக்கு நானும் வருடச் சந்தா கட்டட்டுமா? இப்போது தள்ளுபடி போட்டிருக்கிறார்கள்." அவள் கணவர் வீட்டார் கேவன் கவுண்டிக்காரர்கள், ஸ்மித் குடும்பம். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என் மாமியார் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபர்டில் கவனா குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தாத்தாவின் தங்கை பிரிஜிட், 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெற்றோர் வீட்டில் இருக்கிறார். 1911இல் இல்லை. அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டார் என்றே குடும்பத்தில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அவரைத் தேடித்தான் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு சந்தா கட்டினேன்.

என்னைக் கடைசிவரை படுத்தியது ஒரே விஷயம்: அந்தத் தளத்தின் தேடுபெட்டி முதல் எழுத்தை விட்டுக்கொடுக்காது. கவனா என்ற பெயரை ஆங்கிலத்தில் சிலர் கே எழுத்தில் தொடங்குவார்கள், சிலர் சி எழுத்தில். நடுவில் ஒரு உயிரெழுத்து மாறும், கடைசியில் யு வந்து சேரும். ஒரே குடும்பத்துக்குள்ளேயே இத்தனையும் உண்டு. ஞானஸ்நானப் பதிவைப் பாதிரியார் எழுதினார், பிறப்புப் பதிவைப் பதிவாளர் எழுதினார், கணக்கெடுப்புப் படிவத்தைக் குடும்பத் தலைவரோ, அவருக்கு எழுதத் தெரியாவிட்டால் அதை வாங்க வந்த போலீஸ்காரரோ எழுதினார். அவரவர் காதில் விழுந்தபடி எழுதினார்கள். பிரிஜிட்டுக்கு 1877 ஞானஸ்நானப் பதிவில் சி, 1901இல் கே. இதில் யாருடைய தப்பும் இல்லை.

ஆனால் காசு வாங்கிக்கொண்டு தேடித் தருகிறேன் என்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? ஒலியை வைத்துப் பெயர்களைக் கூட்டும் சவுண்டெக்ஸ் முறைக்கு அமெரிக்காவில் ராபர்ட் ரஸல் 1918இல் காப்புரிமை வாங்கினார். முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற மெய்யெழுத்துகளுக்கு எண் கொடுக்கும் முறை அது. கவனாவை அதில் போட்டால் ஒன்று கே152, மற்றது சி152. எண் ஒன்றுதான், ஆனாலும் இருவரும் வேறு வேறு அறையில். ரைலி என்ற குடும்பப் பெயர் ஆர்400, அதுவே ஓ'ரைலி என்றால் ஓ640. ஐரிஷ் மொழி மறுமலர்ச்சிக் காலத்தில் முன்னோர் கைவிட்ட 'ஓ' என்ற முன்னொட்டைத் திரும்பச் சேர்த்துக்கொண்டவர்கள் ஏராளம். 1901இல் ரைலியாக இருந்தவர் 1911இல் ஓ'ரைலி. நூறு ஆண்டுக்கு முந்தைய இந்தக் குறை நான் சந்தா கட்டிய தளத்திலும் அப்படியே இருந்தது. 'ஒத்த பெயர்களும்' என்ற கட்டத்தில் டிக் போட்டாலும் கே போட்டால் கே மட்டும்தான் வரும். 'எந்த எழுத்தானாலும் சரி' என்பதற்கான நட்சத்திரக் குறியை முதல் எழுத்துக்குப் பதிலாகப் போட்டால் ஏற்காது.

எனக்குக் கைகொடுத்தது நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். கண்ணில் பட்ட பெயரையெல்லாம் வாய்விட்டுப் படித்து, காதில் விழுந்தபடி தமிழில் எழுதிவைத்தேன். கே என்ன, சி என்ன, எல்லாம் 'க'வின் கீழ் வந்து உட்கார்ந்தன. கடைசியில் எழுதினாலும் ஒலிக்காத எழுத்துகள் தாமாக உதிர்ந்தன. பதினொரு எழுத்துக்கூட்டல்கள் 'கவனா' என்ற ஒரே தலைப்பில் நின்றதைப் பார்த்த அன்று எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பிரிஜிட் கிடைத்தது கட்டணத் தளத்தில் இல்லை. அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகம் 1901, 1911 கணக்கெடுப்புகளை இலவசமாகவே வைத்திருக்கிறது. அங்கே குடும்பப் பெயரைக் காலியாக விட்டேன். பெயர் பிரிஜிட், வயது முப்பதுக்கு மேல், பிறந்தது வெக்ஸ்ஃபர்ட், இருப்பது டப்ளின், வேலை வீட்டுப் பணி. வந்த பட்டியலை நான்கு இரவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ரத்மைன்ஸில் ஒரு வீட்டுப் படிவம். பட்டியலில் அந்தப் பணிப்பெண்ணின் பெயர் எல் எழுத்தில் தொடங்கி 'லவனா' என்று இருந்தது. படத்தைப் பெரிதாக்கினேன். வீட்டு எஜமானர் எழுதிய அந்த சி, மேலே ஒரு கண்ணியில் தொடங்கி, அடியில் வலப்பக்கம் வாலை நீட்டி நின்றது. யார் பார்த்தாலும் எல் என்றுதான் படிப்பார்கள். மாமியார் பூதக்கண்ணாடி வைத்து அந்த வரியைப் பார்த்தார், விரலால் தடவினார். "கப்பலே ஏறவில்லையா அவள்?" என்று மட்டும் கேட்டார்.

கட்டணத் தளத்திலும் அதே படிவம் எல் எழுத்தில்தான் இருந்தது. திருத்தம் எழுதி அனுப்பினேன். பதினான்கு மாதம் ஆகிறது, இன்னும் எல் தான். தவறாகப் படித்ததை மன்னிக்கலாம், சொல்லியும் திருத்தாததை எப்படி மன்னிப்பது? 1922 ஜூனில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகள் பெரும்பாலும் சாம்பலாயின. அடுத்த நான்கு கணக்கெடுப்புகளை அரசே அதற்கு முன்பு அழித்துவிட்டது. தப்பிப் பிழைத்த ஒரு வரியைத் தப்பாக அட்டவணையிட்டால் அதுவும் எரிந்த மாதிரிதான்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். இதே தளத்தில்தான் நாய் உரிமப் பதிவேடுகளைப் பார்த்தேன். 1865 சட்டப்படி நாய் வளர்த்தவர்கள் ஆண்டுதோறும் உரிமம் வாங்க வேண்டியிருந்தது. உரிமையாளர் பெயர், ஊர், நாயின் நிறம், இனம் எல்லாம் எழுதியிருப்பார்கள். பிரிஜிட்டின் அப்பா அதில் வருகிறார், ஆடு மேய்க்கும் ஒரு கறுப்பு நாயோடு. அவர் பெயருக்கு அங்கே பன்னிரண்டாவது எழுத்துக்கூட்டல். ஒரு போட்டோகூட இல்லாத மனிதரின் முற்றத்தில் ஒரு கறுப்பு நாய் படுத்திருந்தது என்று தெரிந்துகொள்ள, இந்தப் பணம் தகும்.

தோழிக்கு என் பதில்: கட்டாதே. கேவன் ஸ்மித்தை எந்தத் தேடுபெட்டியும் கண்டுபிடித்துத் தராது. மாக் கவன், அதாவது 'கொல்லர் மகன்' என்ற ஐரிஷ் பெயரைச் சிலர் ஒலிபெயர்த்து மெக்கவன் ஆனார்கள், கேவனில் பலர் மொழிபெயர்த்து ஸ்மித் ஆனார்கள். இதை ஒலியை வைத்து எப்படிப் பிடிப்பது? பதிவாளர்களுக்காக ராபர்ட் மேதசன் தொகுத்த மாற்றுப் பெயர்ப் பட்டியலை முதலில் பார். 1901 பதிப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 1864இல் எல்லோருக்கும் என்று ஆன பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவுகளில் பழையவை பலவற்றின் படங்களை அரசுத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். தேசிய நூலகத்தில் கத்தோலிக்கத் திருச்சபைப் பதிவேடுகளும் அப்படியே. பெயர்கள் லத்தீனில் இருந்தால் மிரளாதே, பிரிஜிட் அங்கே பிரிஜிடா.

என் சந்தாவைத் திங்கட்கிழமை புதுப்பித்துவிட்டேன். பிரிஜிட் கல்யாணம் செய்துகொண்டாரா என்று மாமியார் கேட்டிருக்கிறார். கே, சி முடிந்தது. இன்று இரவு எல்.