இரண்டு லண்டன்கள்: இங்கிலாந்தா, கனடாவா?

லண்டன் என்றால் எல்லோருக்கும் இங்கிலாந்துதான் நினைவுக்கு வரும். கனடாவின் ஒன்டாரியோவிலும் ஒரு லண்டன் இருக்கிறது. அங்கும் தேம்ஸ் நதி, ஹைட் பார்க், ஆக்ஸ்போர்டு தெரு!

இது தற்செயல் இல்லை. 1793-ல் ஜான் கிரேவ்ஸ் சிம்கோ என்ற ஆங்கிலேய ஆளுநர் இந்த இடத்தை அந்தப் பகுதியின் தலைநகருக்காகத் தேர்ந்தெடுத்து, லண்டன், தேம்ஸ் என்ற பெயர்களையும் வைத்தார். தலைநகர் யோகம் கடைசியில் டொராண்டோவுக்குப் போனது. ஊர் உருவானதே 1826-ல்தான். இங்கிலாந்து லண்டனோ ரோமானியர் காலத்தது. வயதில் போட்டியே கிடையாது. மக்கள்தொகையிலும் அப்படித்தான்: அங்கே சுமார் 90 லட்சம், இங்கே 2021 கணக்கெடுப்பில் 4.22 லட்சம்.

கோவென்ட் கார்டன் சந்தை இரண்டிலும் உண்டு. இங்கிலாந்தில் காய்கறி மொத்த வியாபாரம் 1974-லேயே வேறிடம் போய்விட்டது. இப்போது கடைகளும் தெருக்கலைஞர்களும்தான். சந்தை என்றால் காய்கறி வேண்டும் என்பவர்களுக்குக் கனடாவே மேல்.

கனடா லண்டனில் தவறவிடக்கூடாதது பான்டிங் இல்லம். 1920 அக்டோபர் 31 அதிகாலையில், தூக்கம் வராமல் எழுந்த டாக்டர் பிரெடரிக் பான்டிங், இன்சுலின் கண்டுபிடிப்புக்கு வித்திட்ட யோசனையை இங்கேதான் குறித்துவைத்தார். அவர் படுத்திருந்த கட்டிலையும் பார்க்கலாம். இதற்காகவே போகலாம் என்பேன்.

அருங்காட்சியகம், நாடகம், அரண்மனை என்றால் சந்தேகமில்லாமல் இங்கிலாந்துதான். அப்புறம், டிக்கெட் எடுக்கும்போது விமான நிலையக் குறியீட்டைப் பாருங்கள்: ஹீத்ரோவுக்கு எல்எச்ஆர், கனடா லண்டனுக்கு ஒய்எக்ஸ்யூ.