கணபதி காந்தக் கடை: க்யூப் காந்தம் வேணும்னா நம்பிப் போலாம்

கோயமுத்தூர் கணபதில மோட்டார் ஸ்பேர்ஸ் கடைங்க இருக்கற சந்துல உள்ள சின்ன கடைங்க இது. நான் பெருந்துறை பக்கம் ஒரு காலேஜ்ல எம்எஸ்சி பசங்களுக்கு சாலிட் ஸ்டேட் ஃபிசிக்ஸ் எடுக்கறேன், அனிசோட்ரோபி (காந்தம் எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுங்கறதப் பொறுத்து குணம் மாறறது) பாடத்துக்கு கையில புடிச்சுக் காட்ட நியோடிமியம் காந்த க்யூப் வேணும்னு போன மாசம் போனேன். முன்னாடி ஆன்லைன்ல வாங்கிப் பட்டாச்சு, எது போல், அதாவது காந்த துருவம் இருக்கற முகம்னு ஒரு குறியும் இல்ல, ரெண்டு க்யூப் வர்றப்பவே மூலை பேந்து நிக்கல் கோட்டிங் உரிஞ்சு கெடந்துச்சு.

இங்க கடைக்கார அண்ணன் எடுத்ததுமே "ஏனுங்க டீச்சர், எந்த முகத்துல போல் வரோணும், எவ்வளவு சூட்டுல வெக்கப் போறீங்க"ன்னு கேட்டாரு. அப்பறம் ஒவ்வொரு க்யூபையும் காம்பஸ்கிட்ட கொண்டு போயி வடக்கு முகத்துல சிவப்பு மார்க்கர்ல ஒரு புள்ளி வெச்சுத்தான் குடுத்தாரு. எனக்கு நெம்ப சந்தோசமாப் போச்சு, ஏன்னா பாடமே அந்தப் புள்ளிதானுங்க. ஆறு முகமும் பாக்க ஒண்ணாத்தான் இருக்கு, ஆனா போல் ரெண்டு முகத்துல மட்டும்தான். செய்யறப்பவே மாவு மாதிரி பொடிய காந்தப்புலத்துல வரிசைப்படுத்தி அழுத்தி அப்பறம் சூளைல வெக்கறாங்க, அதனால ஒவ்வொரு துகளோட ஈசி ஆக்சிஸும், அதாவது காந்தம் சுலபமா நிக்கற திசையும், ஒரே பக்கம் நிக்குது. காந்தத்த அதுக்கு குறுக்கால திருப்போணும்னா சுமார் 7 டெஸ்லா (காந்தப்புலத்தோட அளவு) வேணும்.

கிளாஸ்ல அதே க்யூபை வெச்சே யுரேனியத்துக்குப் போனேன். யுரேனியம் சல்ஃபைடு க்யூபிக் கிரிஸ்டல், க்யூபிக்னா அனிசோட்ரோபி கம்மியா இருக்கும்னுதான் இரும்பப் பாத்துப் பழகின நாம நெனைப்போம், ஆனா இதுல பயங்கரமா இருக்கு. இரும்புல ஈசி ஆக்சிஸ் க்யூபோட விளிம்பு பக்கம், இதுல மூலைக்கு மூலை போற மூலைவிட்டம். க்யூபோட எதிரெதிர் மூலை ரெண்ட விரல்ல புடிச்சு சுத்திக் காட்டுனப்பதான் பசங்க கண்ணு விரிஞ்சுது. காரணம் யுரேனியத்தோட 5எஃப்ங்கற கூட்டுல இருக்கற எலக்ட்ரான், அணு எண் 92ங்கறதால ஸ்பின் ஆர்பிட் பிணைப்பு (எலக்ட்ரானோட சொந்த காந்தமான ஸ்பின்னுக்கும், அணுவச் சுத்தற ஆர்பிட்டுக்கும் உள்ள கட்டு) ரொம்ப பலம், ஸ்பின் திரும்போணும்னா கூடவே அந்த எலக்ட்ரான் மேகமும் திரும்போணும், சுத்தியிருக்கற அணுங்க அதுக்கு எடம் குடுக்கறதில்ல. அதுலயும் ஆர்பிட்டோட காந்தம் ஸ்பின்னுக்கு எதிர் பக்கம், அளவுலயும் ஸ்பின்னவிட பெருசு.

அப்ப யுரேனியத்துல காந்தம் செஞ்சு விக்கலாமே மிஸ்னு ஒரு பொண்ணு கேட்டா, நல்ல கேள்வி. கதிரியக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், சல்ஃபைடு சுமார் மைனஸ் 95 டிகிரிக்கு மேல போனா ஃபெர்ரோ காந்தமே (இரும்பு மாதிரி தானா நிக்கற காந்தம்) இல்ல. யுரேனியம் ஜெர்மானியம் சேர்ந்த ஒண்ணு 52 கெல்வின்லயே, அதாவது சுமார் மைனஸ் 221 டிகிரிலயே முடிஞ்சுரும், ஆனா அதுலதான் காந்தமா இருக்கறப்பவே சூப்பர் கண்டக்டிவிட்டியும் (தடையே இல்லாம கரண்ட் ஓடறது) வருதுன்னு 2000ல கண்டுபுடிச்சாங்க, நல்லா அழுத்தம் குடுத்தா. யுரேனியம் ரோடியம் ஜெர்மானியத்துல ஈசி ஆக்சிஸுக்கு குறுக்கால புலம் ஏத்துனா 2 டெஸ்லால செத்த சூப்பர் கண்டக்டிவிட்டி 8 டெஸ்லால திரும்ப உயிரோட வருது, 2005ல வந்த சேதி. நான் படிச்சதுல இன்னிக்கும் புல்லரிக்கற விஷயம் இதுதான்.

சரி கடைக்கு வர்றேன். நான் நிக்கறப்பவே பம்பு மோட்டாருக்குன்னு ஒருத்தர் வந்து சாதா கிரேடு கேட்டாரு, அண்ணன் குடுக்கல. "80 டிகிரி தாண்டுனா வலு போயிருமுங்க, எஸ்ஹெச் கிரேடு போடுங்க, 150 வரைக்கும் தாங்கும்"னு சொல்லி அனுப்பிச்சாரு. சூடாக சூடாக அனிசோட்ரோபி கொறையறதுதான் காரணம், அவரு அந்தப் பேரச் சொல்லல, விஷயம் சரியாத்தான் சொன்னாரு.

குறைன்னா விலை ஆன்லைன விட கொஞ்சம் ஜாஸ்தி, பில்லு கேட்டாத்தான் போடுவாங்க, ஞாயித்துக்கெழம லீவு. க்யூபுக்கு நடுவுல தடி அட்டை வெச்சு கட்டிக் குடுத்ததுல பஸ்ல வந்தும் ஒரு மூலை கூட பேரல. 5க்கு நாலரை. அடுத்த செமஸ்டருக்கு எஸ்ஹெச் கிரேடு டிஸ்க் சொல்லி வெச்சிருக்கேன், வந்ததும் சூடு பண்ணிப் பாத்துட்டு இங்கயே எழுதறேன்.