வெள்ளித் தகடா, காகிதமா? ஒளிப்படக் கலையின் முதல் போட்டி

1839 ஜனவரி 7-ஆம் தேதி பாரிஸ் அறிவியல் கழகத்தில் பிரான்சுவா அராகோ ஒரு செய்தியை அறிவித்தார். லூயி டகேர் என்ற ஓவியர், கேமராவுக்குள் விழும் பிம்பத்தை வெள்ளித் தகட்டில் நிலையாகப் பதித்துவிட்டார் என்பதுதான் அது. இங்கிலாந்தில் லேக்காக் என்ற ஊரில் இருந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டுக்கு இது தெரிந்தபோது தூக்கிவாரிப்போட்டது. அவரும் சில ஆண்டுகளாகக் காகிதத்தில் இதே வேலையில்தான் இருந்தார். 1835 ஆகஸ்டிலேயே தன் வீட்டுச் சாளரம் ஒன்றைச் சின்னஞ்சிறு தாளில் பிடித்து வைத்திருந்தார். ஆனால் வெளியே சொல்லவில்லை. அவசர அவசரமாக எழுதிய அவரது கட்டுரை ஜனவரி 31 அன்று லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது.

யார் முதலில் என்று கேட்டால் இருவருமே இல்லை. டகேரின் கூட்டாளியாக இருந்து 1833-இல் இறந்துபோன நிசெஃபோர் நியெப்ஸ், 1820-களிலேயே தன் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிந்த காட்சியை வெள்ளீயக் கலவைத் தகட்டில் பதித்திருந்தார். நான் பார்க்க விரும்புவது வேறு. 1840-களில் ஒருவர் கேமராவும் கையுமாக இந்த வேலையில் இறங்கினால், எந்த வழியை எடுத்திருக்க வேண்டும்? எதற்காக?

முதலில் செய்முறை. டகேரின் முறைக்கு டகேரோடைப் என்று பெயர். அதற்கு வெள்ளி பூசிய செம்புத் தகடு வேண்டும். தகட்டைக் கண்ணாடிபோல் ஆகும்வரை தேய்க்க வேண்டும். ஒரு கீறல் விழுந்தாலும் படத்தில் தெரியும். அப்புறம் அயோடின் ஆவியில் காட்டினால் வெள்ளியின்மேல் ஒளியுணரும் மெல்லிய படலம் உண்டாகும். கேமராவில் வைத்து எடுத்த பிறகு, சூடாக்கிய பாதரசத்தின் ஆவியில் காட்ட வேண்டும். ஒளி பட்ட இடங்களில் பாதரசம் வெண்ணிறத் துகள்களாகப் படிந்து உருவம் எழும். கடைசியில் ஹைப்போ என்ற, படத்தை நிலைநிறுத்தும் உப்பின் கரைசலில் கழுவி, கண்ணாடி மூடிச் சட்டத்துக்குள் வைத்துவிட வேண்டும். மூடாவிட்டால் விரல் பட்டாலே படம் அழிந்துவிடும்.

டால்பட் 1840 செப்டம்பரில் கண்டுபிடித்து அடுத்த பிப்ரவரியில் காப்புரிமை பெற்ற வழிக்குக் கேலோடைப் என்று பெயர். 1839-இல் அவர் அறிவித்த பழைய முறையை டகேரோடைப்போடு ஒப்பிட்டு, டால்பட் பின்தங்கியிருந்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது நியாயமில்லை. பழைய முறையில் படம் கண்முன்னே கறுக்கும்வரை மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கேலோடைப்பில் கண்ணுக்குத் தெரியாத பதிவு போதும். காலிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் கலந்த கரைசல் அதை வெளியே கொண்டுவந்துவிடும். நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மாசிக்காயில் இருக்கிறதே, அதே காலிக் அமிலம்தான். இப்படிக் கிடைப்பது வெளிச்சம் இருளாகவும் இருள் வெளிச்சமாகவும் தலைகீழான நெகட்டிவ். அதை இன்னொரு தாளின்மேல் அழுத்தி வெயிலில் வைத்தால் பாசிட்டிவ் பிரிண்ட். பிலிம் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தெளிவு என்று வந்தால் போட்டியே கிடையாது. தகடுதான். 1848-இல் ஃபாண்டெய்ன், போர்ட்டர் என்ற இருவர் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து ஆற்றங்கரையை எட்டுத் தகடுகளில் எடுத்தார்கள். நம் காலத்தில் நிபுணர்கள் அதை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, தூரத்துக் கோபுரக் கடிகாரத்தில் மணி என்ன என்று படிக்க முடிந்தது. 1839 மே மாதம் பாரிஸுக்குப் போய் டகேரின் தகடுகளைப் பார்த்த விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல், டால்பட்டின் நெருங்கிய நண்பர். படத்தை நிலைநிறுத்த ஹைப்போவைப் பயன்படுத்தலாம் என்று இரு தரப்புக்கும் வழிகாட்டியவரும் அவர்தான். அவரே, இது ஏறக்குறைய அற்புதம் என்ற பொருளில் டால்பட்டுக்குக் கடிதம் எழுதினார். டால்பட்டுக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்!

காகிதத்தில் இந்தத் தெளிவு வராததற்கு நேரான காரணம் உண்டு. ரசாயனம் தாளின் நாருக்குள் ஊறிவிடுகிறது. பிரிண்ட் போடும்போது வெளிச்சம் அந்த நார்களைத் தாண்டித்தான் வர வேண்டும். அதனால் விளிம்புகள் கரைந்து கரித்துண்டில் வரைந்த படம்போல் இருக்கும். இதைக் குறை என்றுதான் பெரும்பாலானோர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் 1843 முதல் நான்கைந்து ஆண்டுகள் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்ற ஓவியரும் ராபர்ட் ஆடம்சன் என்ற இளைஞரும் சேர்ந்து எடுத்த கேலோடைப்புகளைப் பாருங்கள். நியூஹேவன் மீனவப் பெண்கள் கூடையோடு நிற்கும் படங்களில், கோடு போட்ட பாவாடையின் மடிப்பும் முகத்தின் நிழலும் பெரிய பெரிய பரப்புகளாகத் திரண்டு வருகின்றன. தகட்டில் எடுத்திருந்தால் நம் கண் கூடையின் ஒவ்வொரு பின்னலையும் எண்ணப் போயிருக்கும். ஆடம்சன் 1848 ஜனவரியில் 26 வயதில் இறந்துபோனார். அவர் இன்னும் பத்தாண்டு இருந்திருந்தால் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டகேரோடைப்பைத் திரையிலோ புத்தகத்திலோ பார்த்துவிட்டு அதைப் பார்த்ததாகக் கணக்கில் வைக்க முடியாது. அது அடிப்படையில் ஒரு கண்ணாடி. கையில் வைத்து லேசாகச் சாய்த்தால் உருவம் தெரியும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் நெகட்டிவ்போல் மாறும். நேராகப் பிடித்தால் நம் முகமே எதிரே வந்து நிற்கும். இறந்துபோன குழந்தையின் முகத்தைத் தகட்டில் எடுத்து வைத்திருந்த தாய், அதற்குள் தன் முகத்தையும் பார்த்திருப்பாள். காகிதத்துக்கு அந்த நெருக்கம் கிடையாது. கேலோடைப் பிரிண்ட்டை மறுபடி அச்சிட்டால் இழப்பு குறைவு. தகட்டை அச்சிட்டால் அதன் உயிரே போய்விடுகிறது.

முகம் எடுக்க எது வசதி? 1838-இல் டகேர் எடுத்த புல்வார் து டாம்ப்ள் தெருக் காட்சியில் வண்டிகளும் கூட்டமும் மறைந்துபோய், ஷூவுக்குப் பாலிஷ் போடக் காலை நீட்டிக்கொண்டு நின்ற ஒருவர் மட்டும் பதிந்திருக்கிறார். அத்தனை நிமிடம் அசையாமல் நின்றவர் அவர் ஒருவர்தான். ஆனால் இரண்டே ஆண்டில் நிலைமை மாறியது. அயோடினோடு புரோமினையும் சேர்த்தார்கள். 1840-இல் யோசெஃப் பெட்ஸ்வல் வடிவமைத்த லென்ஸ் பழைய லென்ஸைவிடப் பல மடங்கு வெளிச்சத்தை உள்ளே விட்டது. எக்ஸ்போஷர், அதாவது தகட்டில் ஒளி படவேண்டிய நேரம், ஒரு நிமிடத்துக்குள் வந்தது. 1841 மார்ச்சில் ரிச்சர்ட் பியர்ட் லண்டனில் ஸ்டூடியோவே திறந்துவிட்டார். நல்ல வெயிலில் கேலோடைப்புக்கு ஒன்றிரண்டு நிமிடம் தேவைப்பட்டது. உட்காருபவரின் தலைக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைப்பது இரண்டிலும் பொதுவான வேதனை. பாதரச ஆவியை நாள்தோறும் சுவாசித்தது தகட்டுக்காரர்களுக்கு மட்டுமே வந்த கேடு.

ரசாயனம் இப்படி. ஆனால் எந்த முறை எங்கே பரவியது என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்தது காப்புரிமை என்றே எனக்குப் படுகிறது. பிரெஞ்சு அரசு டகேருக்கு ஆண்டுக்கு 6,000 ஃபிராங்கும் நியெப்ஸின் மகன் இசிடோருக்கு 4,000 ஃபிராங்கும் ஓய்வூதியம் கொடுத்து முறையை வாங்கி, 1839 ஆகஸ்ட் 19 அன்று உலகத்துக்கே திறந்துவிட்டது. அதற்கு ஐந்து நாள் முன்பு டகேரின் தரப்பு இங்கிலாந்தில் மட்டும் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டது என்பதுதான் நெருடல். அமெரிக்காவில் தடையே இல்லாததால் தகடு காட்டுத்தீபோல் பரவியது. டால்பட்டோ கேலோடைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். உரிமம் வாங்காமல் இங்கிலாந்தில் யாரும் அதைத் தொழிலாகச் செய்ய முடியவில்லை. அந்தக் காப்புரிமை ஸ்காட்லாந்தில் செல்லாது. ஹில்லும் ஆடம்சனும் எடின்பரோவில் அவ்வளவு சாதித்ததற்கு இதுவும் ஒரு காரணம். தன் கண்டுபிடிப்பைக் காக்க நினைத்தவரே அதன் வளர்ச்சிக்குக் குறுக்கே நின்றது வருத்தமான விஷயம். 1852-இல்தான் அவர், பணத்துக்கு உருவப்படம் எடுப்பதைத் தவிர மற்றவற்றுக்கு உரிமையை விட்டுக்கொடுத்தார்.

பிரதி எடுப்பதில் காகிதத்துக்குத்தான் வெற்றி என்று எல்லோரும் சொல்வார்கள். கொள்கையளவில் உண்மை. ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம். தகடு ஒன்றே ஒன்றுதான். ஆனால் அந்தக் காலத்தில் இருந்து பார்த்தால் கதை அவ்வளவு சுலபமில்லை. டால்பட் ரெடிங் நகரில் பிரிண்ட் போடும் கூடமே நடத்தினார். 1846-இல் ஒரு கலை இதழின் வாசகர்களுக்காக அங்கிருந்து ஆயிரக்கணக்கான பிரிண்டுகள் போயின. சரியாகக் கழுவப்படாத அவற்றில் பல, சீக்கிரமே மஞ்சளடித்து மங்கிவிட்டன. பெட்டிக்குள் அடைத்த தகடோ காற்றுப் புகாதவரை அப்படியே இருந்தது. அன்றைக்கு ஒருவர் “என் அப்பாவின் முகம் நிலைக்க வேண்டும்” என்று கேட்டிருந்தால் தகட்டைத்தான் நானும் கைகாட்டியிருப்பேன்.

மூன்றாவது ஒருவரும் இருந்தார், இப்போட்டியில் எல்லோரும் மறந்துவிடும் ஆள். பிரெஞ்சு நிதி அமைச்சக ஊழியர் இப்போலித் பயார், 1839-லேயே நெகட்டிவ் இல்லாமல் நேராகக் காகிதத்தில் பாசிட்டிவ் எடுத்துக் காட்சிக்கும் வைத்தார். காகிதத்தின் மென்மையும் தகட்டின் ஒற்றைப் பிரதியும் சேர்ந்த முறை அது. இரண்டின் பலவீனமும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்துவிட்டது. அரசு தன்னைக் கண்டுகொள்ளாத ஆற்றாமையில், நீரில் மூழ்கி இறந்தவர்போல் தன்னையே எடுத்து 1840-இல் ஒரு படம் வெளியிட்டார். ஒளிப்படத்தில் சொல்லப்பட்ட முதல் கற்பனைக் கதைகளில் ஒன்று அது.

1851-இல் ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடியில் கொலோடியன் என்ற பசைபோன்ற திரவத்தைப் பூசும் முறையை வெளியிட்டார், காப்புரிமை எதுவும் கேட்காமல். தகட்டுக்கு நெருங்கிய தெளிவும் கிடைத்தது, காகிதம்போல் பிரதியும் போட முடிந்தது. இதுவும் தன் உரிமைக்குள் வரும் என்று டால்பட் வழக்குத் தொடுத்து 1854 டிசம்பரில் தோற்றார். அதன்பின் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தகடும் காகித நெகட்டிவும் மெல்ல ஒதுங்கின. ஆனால் ஈரம் காய்வதற்குள் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டிய கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு காட்டிலும் மேட்டிலும் அலைவது எளிதல்ல. அதனால் பயணிகளிடம் காகிதம் இன்னும் கொஞ்ச காலம் உயிரோடு இருந்தது.

அப்படிக் காகிதத்தை நம்பியவர்களில் ஒருவர் நம் பக்கத்துக்கு வந்தார். மெட்ராஸ் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப், 1855-இல் பர்மாவுக்குப் போன தூதுக்குழுவோடு சென்று மெழுகிட்ட காகித நெகட்டிவில் படமெடுத்தார். காகிதத்தில் வானம் வெறிச்சென்று விழும் என்பதால், நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகம் தீட்டினார்! திரும்பிவந்து பெங்களூரில் உட்கார்ந்து 120 படங்களை 50 தொகுப்புகளாகப் போட்டார், மொத்தம் 6,000 பிரிண்டுகள். டகேரின் தகட்டில் இதை எண்ணிக்கூடப் பார்க்க முடியாது.

பிறகு மெட்ராஸ் அரசின் ஒளிப்படக்காரராக 1858-இல் மதுரை, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளப் படமாக ஆக்கினார். இரு முறைகளில் எனக்குக் காகிதத்தின் பக்கம் மனம் சாய்வது இந்த ஒரு படத்தால்தான். தகட்டில் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக மாறி விழும். முகத்துக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. ராஜராஜன் காலத்து எழுத்தை அப்படி எடுத்திருந்தால், கல்வெட்டு படிக்கத் தெரிந்தவர்கூட இன்னொரு கண்ணாடியை எதிரே பிடித்துத்தான் படித்திருக்க வேண்டும். நெகட்டிவிலிருந்து பிரிண்டுக்கு வரும்போது அந்தத் திருப்பம் தானாகவே சரியாகிவிடுகிறது. ஒட்டிய அந்த 19 அடியில் தமிழ் எழுத்துகள் இடமிருந்து வலமாக, கல்லில் இருக்கிறபடியே ஓடுகின்றன.